உள்ளே வர வேண்டாம், பல்கனியைப் பாருங்கள்

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் நடந்தது இது. ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். நானும் மனைவியும் இருப்பது பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு சின்னப் பல்கனி இருக்கிறது. மகள் மட்டக்களப்பில் கம்பஸில் படிக்கிறாள்.

நான் ஒரு சைவக் கடையில் தோசை சுடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அன்று தொடங்கி இன்றுவரை அடுப்படிதான். முன்பக்கம் பரிமாறுகிறவர்கள் சின்ன ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார்கள், நான் தோசையைத் தட்டில் வைத்துத் தள்ளுவேன். சாப்பிடுகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது, என் முகமும் அவர்களுக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. பஸ்ஸில் மிச்சக் காசு தராவிட்டால்கூடக் கேட்காமல் இறங்கிவிடுகிற ஆள் நான். வீட்டில் யாருடனாவது கதைக்க வேண்டியிருந்தால் மனைவிதான் கதைப்பாள்.

அந்த மனைவிக்குத்தான் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. சோதித்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். மார்பை முழுதாக எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், காயம் ஆறியதும் மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும் என்றார் டொக்டர். மனைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவருடைய மேசையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் லீவு கேட்டபோதும் "மனுசிக்கு ஒரு ஒப்பரேசன்" என்று மட்டும்தான் சொன்னேன். என்ன ஒப்பரேசன் என்று முதலாளி கேட்டார். "சின்னதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நோயின் பெயர் ஒரு பக்கம், அது வந்த இடத்தின் பெயர் மற்றப் பக்கம். இரண்டும் என் வாயில் வரவில்லை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு விடுகிற அன்று வார்ட்டில் இருந்த நர்ஸ் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்தினார். சிங்களப் பெண். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

காயம் தோலில் மட்டும்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இப்படிப் பெரிய ஒப்பரேசன் நடந்தால் முழு உடம்பும் அதைத் தன் மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொள்ளுமாம். கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பில் இருக்கிற சக்தியில் பெரும்பங்கு காயத்தை ஆற்ற ஓடிவிடும். மயக்க மருந்து, வலி, பயம், நித்திரைக் குறைவு எல்லாம் சேர்ந்து மிச்சத்தையும் கொஞ்சக் காலத்துக்குத் தணித்துவிடும். மற்ற நேரம் இரண்டு தும்மலோடு போகிற தடிமன் இப்போது நெஞ்சில் இறங்கலாம், காய்ச்சல் வரலாம். காயம் பழுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருந்து ஏற்றுவது தள்ளிப்போகும். அது தள்ளிப்போகக் கூடாது. "ஐயா, ஆக்கள் பார்க்க வருவாங்க. விட வேணாம். தடிமன், இருமல் இருக்கிற ஆள் கிட்டவே வேணாம்" என்றார். முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கைக்கு இனி எப்போதும் காவல் குறைவு, அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு அது சட்டென்று விளங்கியது. எங்கள் கடையில் கலியாண வீட்டு ஓடர் வருகிற நாளில் எல்லாரும் பின்பக்கம் வந்துவிடுவார்கள். பரிமாறுகிறவர், காசுமேசைக்காரர் எல்லாரும் தேங்காய் திருவுவார்கள், பார்சல் கட்டுவார்கள். முன்பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போது யாரும் உள்ளே வரலாம், எதையும் எடுத்துக்கொண்டு போகலாம். அதனால் முதலாளி அந்த நாட்களில் ஒரு ஆளை வாசலில் நிறுத்துவார், கடை மூடியாயிற்று என்று சொல்ல. என் மனைவியின் உடம்பிலும் இப்போது கலியாண ஓடர் நடக்கிறது. எல்லா ஆட்களும் காயத்தடியில் நிற்கிறார்கள். வாசலில் ஒரு ஆள் வேண்டும்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான்.

இதில் இருக்கிற கஷ்டம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கலியாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். வருத்தக்காரரைப் பார்க்கப் போகாவிட்டால் அதைப் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். பார்க்க வந்தவரை வாசலோடு திருப்பிவிட்டால் இரண்டு குடும்பமும் பிறகு முகம் பார்க்காது. வருகிறவர் சும்மாவும் வர மாட்டார். அப்பிள் பையும் பால்மா டின்னும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவார். வந்தால் கட்டிலில் ஏறி இருந்து, நெற்றியைத் தொட்டு, கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார்.

முதலில் வந்தவர்கள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தெரிந்த குடும்பம், நாலு பேர். அதில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவ நித்திரை" என்றேன்.

"அதுக்கென்ன, எழும்பட்டும். நாங்கள் ஆறுதலா இருக்கிறம்" என்று சொல்லி நாலு பேரும் ஹோலில் இருந்துவிட்டார்கள். நான் தேத்தண்ணி போட்டேன். பிறகு இன்னொரு தரம் போட்டேன். அறைக்குள் மனைவி முழுசாக விழித்துக்கொண்டு, இருமல் வந்தாலும் இருமப் பயந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவர்கள் போனபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் கதிரைகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கும் எனக்கு நித்திரையோ?" என்று கேட்டு மனைவி சிரித்தாள். சிரித்தால் காயம் இழுக்கும். அதனால் ஒரு பக்கத்தால்தான் சிரித்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் பெரியம்மா வந்தார்.

மனைவியின் தாய் அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பெரியம்மாதான் அவளை வளர்த்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கிருலப்பனையில் இருக்கும் மகன் வீட்டில் முகம் கழுவி, அங்கேயே சமைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். படியில் அவருடைய செருப்புச் சத்தத்துக்கு முன்னால் அவருடைய இருமல் சத்தம் மேலே வந்தது. சின்ன இருமல் இல்லை. நின்று நின்று இருமினார்.

நான் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, வாசலில நிண்டு வரவேற்கிறீர்? தள்ளும், பை பாரம்."

"பெரியம்மா, அவ..." என்றேன். நித்திரை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மனைவி, "ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டாள்.

"உவள் முழிச்செல்லோ இருக்கிறாள். தள்ளும் எண்டு சொல்லுறன்."

"உங்களுக்கு இருமல் பெரியம்மா."

"இது இருமலே? பஸ்ஸில ஏசிக் காத்து, தொண்டை கரகரக்குது. என்ன நீர், சுங்கக்காரன் மாதிரி நிக்கிறீர்?"

என் கை கதவுப்பிடியில் இருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்தப் பெண்மணிக்கு நான் ஓம் என்பதைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை.

"கோவிக்காதேங்கோ. இப்ப உள்ளுக்கு விட ஏலாது" என்றேன். "ஒப்பரேசன் செய்த உடம்பில எதிர்ப்புச் சக்தி குறைவு. எல்லாம் காயத்தை ஆத்தப் போயிருக்கு. உங்கட இருமல் அவவுக்குத் தொத்தினா மருந்து ஏத்துறது தள்ளிப்போகும். நான் விட மாட்டன்."

ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு பையைப் படியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்தார். "நான் என்ன வெளியாளே?" என்றார். "உவளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளிச்சபோது பக்கத்தில படுத்துக் கிடந்தவள் நான். எனக்குக் கதவு பூட்டுறீரோ?" கண்ணீர் விட்டிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவர் அழவில்லை. எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு சொல்லி இறங்கிப் போனார். சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

முடிந்தது, இனி இந்தச் சொந்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். மனைவி கட்டிலில் எழுந்து இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் ஏதும் சொல்வதற்கு முன்னால் கீழே ஒழுங்கையிலிருந்து அவளுடைய பெயர் கேட்டது. முழுப் பெயர், மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில்.

மனைவி மெதுவாக எழுந்து பல்கனிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். பெரியம்மா ஒழுங்கை நடுவில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து நின்றார். மழை விட்டிருந்தது.

"சாப்பிட்டியோடி?"

"ஓம் பெரியம்மா."

"உந்த மனுசன் என்ன தந்தவன்?"

"இடியப்பமும் சொதியும்."

"வெளிக்குப் போனியோ?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒழுங்கை முனையில் நிற்கிற மூன்று ஓட்டோக்காரர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம்" என்றாள்.

"தோளில என்னடி பை? எங்கை வெளிக்கிட்டு நிக்கிறாய்?"

காயத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவில் இருக்கும் போத்தலைத் துணிப்பையில் போட்டு அவள் தோளில் மாட்டியிருந்தாள். கீழே இருந்து பார்த்தால் சந்தைக்குப் போகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

"எங்கையும் போகேல்லை. இது காயத்தின்ரை தண்ணி வடியிற பை."

"எந்தக் காயமடி? என்ன ஒப்பரேசன்? உவன் ஒருத்தருக்கும் வாய் திறக்கிறானில்லை. போனில கேட்டாலும் சின்னது, சின்னது எண்டுறான். சின்னதுக்கு ஏன் என்னை வாசலில நிப்பாட்டினவன்?"

அப்போது ரயில் வந்தது. மருதானையிலிருந்து பாணந்துறைப் பக்கம் போகும் பின்னேர ரயில். அது எங்கள் ஒழுங்கையைக் கடக்கும் வரை எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கீழே பெரியம்மா வாயைத் திறந்தபடி நின்றார். ஓட்டோக்காரர்கள் நின்றார்கள். கீழ்மாடியில் இருக்கும் முஸ்லிம் அம்மா யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாட்டுப் போட்டபடி பாணும் கேக்கும் விற்க வரும் ஓட்டோவும் பாட்டை நிறுத்திவிட்டு நின்றிருந்தது. நான் மனைவியின் காதடியில், "உள்ளுக்கு வாரும், போனில ஆறுதலாச் சொல்லலாம்" என்றேன்.

அவள் அசையவில்லை. கடைசிப் பெட்டியும் போகும்வரை பல்கனிக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கை அமைதியானதும் சொன்னாள்.

"மார்பில புற்றுநோய் பெரியம்மா. இடப்பக்க மார்பை வெட்டி எடுத்தாச்சு. அக்குளையும் துப்பரவாக்கியாச்சு. இனி மருந்து ஏத்தினால் சரி. இவர் உங்களை மறிச்சது நான் உயிரோட இருக்க வேணும் எண்டுதான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டதே என்று. அது ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்தேன். தளர்ந்த சட்டை, ஒரு பக்கம் தட்டை, தோளில் பை, தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

பெரியம்மா பல்கனிக்கு நேர் கீழே வந்து நின்றார். பிறகு, குரலை இறக்கி, "நோகுதோடி?" என்று கேட்டார்.

"இப்ப பரவாயில்லை."

"தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார். "கயிறு ஏதும் வைச்சிருக்கிறீரோ? இந்தச் சாப்பாட்டை மேல எடும். ஆட்டெலும்பு ரசம். ஆறினால் கொழுப்புக் கட்டிப்போகும்."

எங்கள் மாடிக்காரர் எல்லாரும் பாண் வாங்குவதற்குக் கயிற்றில் பை கட்டி வைத்திருப்போம். இறக்கினால் பாண் ஓட்டோக்காரர் பாணை வைப்பார், இழுத்து எடுப்போம். அந்தப் பையை இறக்கினேன். பெரியம்மா ரசத்தை வைத்தார். பக்கத்தில் நின்ற பாண்காரர் காசு கேட்காமல் அதில் ஒரு றோஸ் பாணையும் வைத்தார். மேலே எடுத்து, நான் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ரசத்தைத் திரும்பவும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன்.

அன்று தொடங்கிய வழக்கம் இது. பார்க்க வருகிறவர்கள் பின்னேரம் வந்து ஒழுங்கையில் நிற்பார்கள். மனைவி பல்கனிக் கதிரையில் இருப்பாள். ரயில் வந்தால் எல்லாரும் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வார்கள். யாராவது தெரியாமல் படியேறப் போனால் ஓட்டோக்காரர் ஒருவர் "உட யன்ன பே" என்று மறித்து, மேலே போக முடியாது, பல்கனியைப் பாருங்கள் என்று கையைக் காட்டுவார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. முதலாளி பேரப்பிள்ளையோடு வந்து கீழே நின்று, "கடையில தோசை கருகுது, கெதியாச் சுகப்பட்டு உன்ரை மனுசனை அனுப்பு பிள்ளை" என்றார். அந்தக் குழந்தைக்கு மூக்கால் வழிந்துகொண்டிருந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். கீழ்மாடி அம்மா தினமும் கஞ்சி வைத்துக் கயிற்றை ஆட்டுவார். முதல் நாள் வந்த நாலு பேரும் திரும்ப வந்தார்கள். "இண்டைக்கு நித்திரை இல்லையோ?" என்று அவர்கள் கேட்டபோது மனைவி திரும்பவும் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.

பெரியம்மாவைத்தான் பிறகு காணவில்லை. கோபம் தீரவில்லையோ என்று நான் பயந்தேன். ஒரு நாள் போன் வந்தது. குரல் அடைத்துப்போய் இருந்தது. எங்களிடம் வந்துபோன அடுத்த நாளே காய்ச்சலில் விழுந்துவிட்டாராம். கிருலப்பனை வீட்டில் மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாருக்கும் தொற்றி, வீடே படுத்துக் கிடந்ததாம்.

"நீர் அண்டைக்கு வாய் திறந்தீர், எனக்கு வாய் அடைச்சுப்போச்சு" என்றார். "இனித் திறக்காதையும். ஒருக்காத் திறந்ததே எனக்குக் காணும்." அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "நல்லாத்தான் செய்தனீர் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் காயத்தைப் பார்த்தார். பழுக்கவில்லை, காய்ச்சல் ஒரு நாளும் வரவில்லை. சொன்ன திகதியிலேயே மருந்து ஏற்றத் தொடங்கலாம் என்றார். இந்த மழைக்காலத்தில் வார்ட்டிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் பலபேர் தடிமனோடு திரும்பி வந்திருக்கிறார்கள், இந்த அம்மா எப்படித் தப்பினார் என்று அந்த மிஸ் கேட்டார். மனைவி என்னைக் காட்டி, "இவர் கதவில நிண்டவர்" என்றாள். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆனால் சிரிப்பு வந்ததை மறைக்க முடியவில்லை.

மருந்து ஏற்றிய மாதங்களிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவுதான். அதனால் பல்கனி வழக்கம் நெடுநாள் நீண்டது. அந்த நாட்களில் ஒரு காலையில் கீழ்மாடி அம்மா படியில் பாதி தூரம் ஏறி வந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நின்று, "மகள், என்னையும் ஒருக்கா அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறியா? கொஞ்ச நாளா கட்டி மாதிரி ஒன்னு தட்டுப்படுது" என்று மனைவியிடம் கேட்டார். போய்ச் சோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ரயில் போனபிறகு என் மனைவி சொன்ன அந்தச் சொல்லைக் கேட்டிருக்காவிட்டால் அவர் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டார்.

இப்போது வைத்தியம் முடிந்துவிட்டது. நான் திரும்பவும் தோசைக் கல்லுக்கு முன்னால். ஜன்னல் வழியாகக் குரல் வருகிறது, தோசையைத் தள்ளுகிறேன். பஸ்ஸில் மிச்சக் காசு தராவிட்டால் இன்னும் கேட்பதில்லை. ஆனால் மனைவிக்கு எங்காவது இரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ போனால் கூடவே போகிறேன். அவளுடைய இடது கையை யாராவது தொடுவதற்கு முன்னால், "மிஸ், மற்றக் கை" என்று என் வாய் தானாகச் சொல்கிறது.

இந்த வருடத் தீபாவளிக்குப் பெரியம்மா வந்தார். மூன்று மாடியும் ஏறி, திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று, பையைக் கீழே வைத்தார். "இருமல் இல்லை. கையும் கழுவிட்டன். உள்ளுக்கு வரலாமோ, சுங்கக்காரத் தம்பி?" என்று கேட்டார். அறையிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது, இந்த முறை முழுச் சிரிப்பு. நான் விலகி வழி விட்டேன். வாழ்நாள் முழுக்கப் பின்பக்கத்தில் நிற்கிறவன்தான் நான். என்றாலும் நிற்க வேண்டிய நாளில் வாசலில் நின்றேன் என்கிற நினைப்பு, தோசைக் கல்லின் சூட்டுக்கு முன்னால் தனியாக நிற்கும்போதும் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வைக்கிறது.